மாலத்தீவின் பங்குச்சந்தை யாருக்காக?

(வணிகர், இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பங்குச்சந்தை என்றதும் நமக்கு 1992-இல் பம்பாயில் வெடித்த ஊழல்தான் நினைவுக்கு வருகிறது. "அது சூதாட்டம், நமக்கெதற்கு?" என்று ஒதுங்கி விடுகிறோம். பம்பாயை விடுங்கள். தூத்துக்குடியிலிருந்து காய்கறியும் ஜல்லியும் கப்பலேறிப் போகிறதே, அந்த மாலத்தீவைப் பாருங்கள். 2022 கணக்கெடுப்பின்படி அங்கே மக்கள் ஐந்து லட்சத்துச் சொச்சம். 200-க்கும் குறைவான தீவுகளில்தான் குடியிருப்பு. இத்தனை சிறிய நாட்டுக்குப் பங்குச்சந்தை எதற்கு?

காரணம் இருந்தது. அரசு நிறுவனங்களின் பங்குகள் ஏற்கெனவே பொதுமக்கள் கையில் இருந்தன. அவசரத்துக்கு விற்க வேண்டுமானால் யாரிடம் விற்பது? என்ன விலை கேட்பது? இதற்காகத்தான் 2002 ஏப்ரலில் நாணய ஆணையத்தின் பொறுப்பில் பங்கு வர்த்தகக் கூடம் திறந்தார்கள். 2006-இல் சட்டமும் தனி ஆணையமும் வந்தன. 2008-இல் தனியார் உரிமத்தோடு மாலத்தீவு பங்குச்சந்தை ஆனது.

பின்னர் 2011-இல் திராகு தொலைபேசி நிறுவனமும், 2017-இல் ஊரிடு நிறுவனமும், 2019-இல் மாலத்தீவு இஸ்லாமிய வங்கியும் மக்களுக்குப் பங்குகளை விற்றன. மீனவரும் ஆசிரியரும் தாம் பேசும் தொலைபேசியின் லாபத்தில் பங்குதாரர் ஆகலாம். வட்டிக்குப் பணம் போட மனமில்லாதவருக்கு, லாபத்திலும் நட்டத்திலும் பங்கேற்கும் வழி இது. (எந்த நிறுவனம், என்ன தொழில் செய்கிறது என்று பார்த்துத்தான்!) பங்கு விற்ற நிறுவனம் கணக்கைப் பூட்டி வைக்க முடியாது, குறித்த காலத்தில் வெளியிட்டே ஆக வேண்டும். என் கணிப்பில், சின்ன நாட்டில் சந்தையின் பெரிய பயன் இதுதான். ஆளுக்கு ஆள் உறவும் பழக்கமும் உள்ள ஊரில், கணக்குக் கேட்க யாருக்குத் துணிவு வரும்?

ஆனால் நாட்டின் உண்மையான செல்வம் எங்கே இருக்கிறது? 1972-இல் குரும்பா தீவில் தொடங்கிய சுற்றுலா விடுதித் தொழிலில். இன்று நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட விடுதித் தீவுகள். அவற்றில் பெரும்பாலானவை இந்தச் சந்தையின் பக்கமே வரவில்லை. சுற்றுலா லாபத்தில் பொதுமக்களுக்கும் பங்கு கிடைக்கட்டும் என்றுதான் 2006-இல் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தை அரசு உருவாக்கியது. ஒரு கழகம் போதுமா? பங்கு பட்டியலான நிறுவனங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவற்றிலும் அரசு சார்ந்தவையே அதிகம்.

இளைஞர்களே, இன்னொன்று. பங்கு வைத்திருப்பவர் டிவிடெண்டுக்காக விற்காமலே வைத்திருப்பார். வாங்க நினைப்பவருக்குப் பங்கு கிடைக்காது. விற்க நினைக்கும் நாளில் வாங்க ஆள் இருக்காது. பலகையில் எழுதியிருக்கும் விலை என்றைக்கோ நடந்த வியாபாரத்தின் விலையாக இருக்கலாம். கடைத்தெருவில் சரக்கு வாங்கும்போது "கடைசியாக எப்போது, எவ்வளவு போனது?" என்று கேட்கிறீர்களே, அதே கேள்வியை இங்கும் கேளுங்கள்.