இரண்டாம் சாட்சி



ஆடி அமாவாசையன்று கீரிமலையில் தர்ப்பணம் செய்யும்போது ஐயர் முன்னோரின் பெயர்களைக் கேட்பார். என் அப்பா வரிசையாகச் சொல்லி வருவார். தமது தகப்பனைப் பெற்றவரின் முறை வந்ததும், "அப்பாச்சி" என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடுவார். பெயர் அவருக்குத் தெரியாது. பழைய காணி உறுதிகளில் இருந்திருக்கும். 1995 இடப்பெயர்வில் உறுதிகள் வைத்திருந்த பெட்டியே போய்விட்டது.

எங்கள் குடும்பத்தில் முன்னொரு காலம் ஏதோ வழக்கு நடந்தது என்று கேள்வி. அத்தையிடம் விசாரித்தேன். "செத்தவையின்ரை மானத்தை ஏன் கிண்டுறாய்?" என்று சினந்தார்.

யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிக்கப்பட்டபின், பழைய பத்திரிகைகளைத் தேடுவோர் பெரும்பாலும் கொழும்புக்கே வரவேண்டியிருந்தது. நானும் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பல நாள் இதழ்களைப் புரட்டினேன். 1936ஆம் ஆண்டு இதழொன்றில் அகப்பட்டது: எல்லை வேலிச் சண்டை, கத்திக் காயம், எதிரி என் பூட்டன். ஒரே பெயரில் ஊரில் இருவர் மூவர் இருப்பார்கள். தகப்பன் பெயரும் குறிச்சியும் பொருந்திய பின்னரே நம்பினேன்.

எதிரி தரப்பின் இரண்டாம் சாட்சி அவர் மனைவி. பெயர் முழுமையாக இருந்தது. சம்பவ நேரத்தில் கிணற்றடியில் தண்ணீர் அள்ளிக்கொண்டு நின்றதாகச் சாட்சியம் சொல்லியிருந்தார். பிறப்பு, விவாகப் பதிவுகளில் பெயரும் திகதியும் கிடைக்கும். கையில் வாளியோடு நிற்கும் பூட்டியை அங்கே காணமுடியுமா?

ஆனால், நேயர்களே, குற்றச் செய்தியை அரைகுறையாக வாசிப்பது ஆபத்து. அதில் இருப்பது குற்றச்சாட்டு, தீர்ப்பன்று. கைது பெரிய எழுத்தில் வரும். விடுதலை வராமலே போவதும் உண்டு. ஆகவே மேலும் நான்கு மாத இதழ்களைப் பார்த்தேன். உட்பக்க மூலையொன்றில் இரண்டே வரி: சாட்சியம் போதாமையால் எதிரி விடுதலை.

ஊர் முதற் செய்தியையே நினைவில் வைத்திருந்தது. எங்கள் வீடும் அதையே நம்பி, மூன்று தலைமுறை வாய்மூடி இருந்துவிட்டது. அந்த மௌனத்தில் பூட்டனின் மானத்தோடு பூட்டியின் பெயரும் புதைந்துபோயிற்று.

இரண்டு செய்திகளையும் அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். விடுதலையைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. "அந்தப் பேரை இன்னொருக்கால் சொல்லு" என்றார்.

அப்பா இன்றில்லை. சென்ற ஆடி அமாவாசையில் ஐயர் கேட்டபோது, நான் நிறுத்தாமல் சொன்னேன்.



(வானொலி இலக்கிய நிகழ்ச்சியில் நிகழ்த்திய உரை)