வலிக்காகக் காத்திராதீர்கள்



அம்பத்தூர் தொழிற்பேட்டையில் கீழே விழுந்தவர் சொல்லும் வசனம் ஒன்று உண்டு: "வலியே இல்ல சார், ஷிப்ட் முடிச்சிட்டுப் போறேன்." அதை நம்பி எலும்பு முறியவில்லை என்று முடிவு கட்டக் கூடாது. 1982-ல் மெல்சாக், வால் முதலிய ஆய்வாளர்கள், வெட்டு, சுளுக்கு, முறிவு என்று அவசரப் பிரிவுக்கு வந்த 138 பேரை விசாரித்தார்கள். 37 சதவீதத்தினருக்கு அடிபட்டபோது வலியே இல்லை. பலருக்கு ஒரு மணிக்குள், சிலருக்குப் பல மணி கழித்தே வலி வந்தது. அதிர்ச்சியில் மூளையே வலியைத் தடுத்து வைக்கிறது.

புத்தூர் கட்டுக்குப் போகிறவரும் முதலில் எக்ஸ்ரே எடுக்கட்டும். நாளை சூபர்வைசராகும் தம்பிகளே, "வலிக்குதா?"ன்னு மட்டும் கேட்காதீங்க; "வீங்குதா, ஊன்ற முடியுதா?"ன்னு கேளுங்க.