அந்த 143 பெட்டிகள்



2001 ஜனவரி 26-ஆம் நாள் குஜராத்தின் கட்ச் பகுதியில் பூமி அதிர்ந்தது. ஏறத்தாழ 20,000 பேர் மாண்டனர். பிழைத்தவர்கள் குளிரில் வெட்டவெளியில் படுத்தார்கள். அவர்களுக்கென 143 பெட்டிகள் கடல் கடந்து வந்தன. அனுப்பியவர்கள் அரசாங்கத்தார் அல்லர். இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில் ஹெல்ஸ்டன் என்னும் சிற்றூர் வட்டாரத்து ரோட்டரி சங்கத்தார்.

2000-ஆம் ஆண்டிலேயே அவர்கள் வேலையைத் தொடங்கிவிட்டார்கள். வீடிழந்த குடும்பத்துக்கு அன்றிரவே என்ன வேண்டும் என்று யோசித்தார்கள். கூடாரம், போர்வை, அடுப்பு, பாத்திரம்: எல்லாம் ஒரே பெட்டியில்.

நாமோ புயல் என்றதும் பீரோவைத் திறந்து, நமக்கு வேண்டாததை மூட்டை கட்டுகிறோம். (நானும் கிழிந்த ஸ்வெட்டர் கொடுத்தவன்தான்.)

ஜூபிலி மண்டபத்தின் பின்னறை காலியாக இருக்கிறது. எந்த ஊருக்குத் தேவைப்பட்டாலும் அனுப்ப, ஐப்பசி மழைக்கு முன் 10 புதுத் தார்ப்பாய்களும் கயிறும் அங்கே வேண்டும். சாவி கோயில்பிள்ளையிடம் இருக்கிறது.