தாராவியில் ஒரு விழித்திரை ஆராய்ச்சி

நோய் என்றால் வலி இருக்கும் என்றே நாம் எண்ணிப் பழகியிருக்கிறோம். நீரிழிவு கண்ணைத் தாக்கும்போது வலி இல்லை, சிவப்பும் இல்லை. ஊசியில் நூல் கோக்கும் பார்வை இருக்கையிலேயே விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் சர்க்கரையினால் நைந்து கசியத் தொடங்குகின்றன. சில அடைபட்டும் போகின்றன. ஈடாக முளைக்கும் புதுக் குழாய்கள் வலுவற்றவை. ஒரு நாள் அவை உடைந்து கண்ணுக்குள் குருதியைக் கொட்டுகின்றன. பலர் டாக்டரைத் தேடுவது அன்றைக்குத்தான். லேசர்க் கதிரும் கண்ணுக்குள் போடும் ஊசியும் எஞ்சிய பார்வையைக் காக்கலாம்; இழந்ததை முழுவதும் மீட்பது அரிது.

வடாலாவில் ஆதித்ய ஜோத் கண் மருத்துவமனையை நிறுவிய டாக்டர் சுந்தரம் நடராஜன் இத்தகைய கண்களை அறுவை செய்து பெயர் பெற்றவர். டாக்டர் பத்ரிநாத் 1978-இல் சென்னையில் தொடங்கிய சங்கர நேத்ராலயாவில் பயின்றவர். 2013-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். ஆயினும் நம் மனத்தைக் கவர்வது அவருடைய கத்தியன்று. வராத நோயாளியைத் தேடிச் சென்ற ஆராய்ச்சியே.

மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாழும் நம்மவர் நினைத்தால் மாலைக்குள் கண்ணைக் காட்டிவிடலாம். தாராவியில் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருப்பவருக்கு அது எளிதன்று. கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்தை விட்டால், சில மணி நேரம் அருகிலுள்ளவை மங்கித் தெரியும். அன்றைய கூலி போயிற்று. பார்வையில் குறை காணாத மனிதர் அதற்கு இசைவாரா?

நடராஜனும் துணைவரும் மும்பையின் குடிசைப் பகுதிகளில் நடத்திய ஆய்வு 2017-இல் வெளிவந்தது. அங்குள்ள நீரிழிவுக்காரர் நூற்றுவரில் ஏறத்தாழ 15 பேருக்கு விழித்திரை கெட்டிருந்தது. சென்னை நகரில் டாக்டர் ரேமா மோகன் குழுவினர் 2005-இல் வெளியிட்ட கணக்கு 17.6. பணக்காரர் நோய் என்று நாம் சொல்லிவந்தது எத்துணைப் பிழை!

2019-இல் வெளியான மற்றோர் ஆய்வில், மாநகராட்சி மருந்தகங்களுக்கு வந்த நீரிழிவுக்காரர்களை, கைபேசியோடு இணைந்த காமிராவால் ஊழியர் ஒருவரே படமெடுத்தார். விழித்திரைக் காமிராவைக் கையாண்ட தொழில் அனுபவம் அவருக்கு இல்லை. இணையத் தொடர்பு இல்லாமலே கைபேசிக்குள் இருந்த செயற்கை நுண்ணறிவு படங்களைச் சோதித்தது. 213 பேரில், டாக்டரிடம் அனுப்பவேண்டிய நோய் முற்றியவர் 15 பேர். ஒருவரையும் அது தவறவிடவில்லை. பதினைந்து சிறிய தொகைதான். இதைக் கொண்டு முடிவான தீர்ப்புச் சொல்ல நாம் துணியமாட்டோம். அனுப்பத் தேவையில்லாதவரில் 88.4 விழுக்காட்டினரைச் சரியாக விலக்கிற்று. மற்றவரை வீணே ஐயுற்றது.

அவ்வாறு ஐயுறப்பட்ட ஒருவர் மறுநாள் கண் டாக்டரிடம் போவாரா என்பது, இன்னமும் அந்த ஒரு நாள் கூலியைப் பொறுத்தே இருக்கிறது.