கைநாட்டுக்கு முன்னே ஒரு வார்த்தை

(மருத்துவமனையைத் தாங்கிவரும் நண்பர்களின் ஆண்டுக் கூடுகையில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



லால்குடியிலிருந்தும் முசிறியிலிருந்தும் துறையூரிலிருந்தும் பஸ் ஏறி, சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கி, வெயிலில் நடந்து இந்தக் கூடத்துக்கு வந்திருக்கிறீர்கள். வழக்கமாக இந்தக் கூடுகையில் கட்டடத்தைப் பற்றியும், கட்டில்களைப் பற்றியும், ஏழை நோயாளிகளின் மருந்துச் செலவைப் பற்றியும் உங்களிடம் பேசுவோம். இம்முறை விஞ்ஞானத்தைப் பற்றிச் சற்றுப் பேச விரும்புகிறோம். போதகருக்கும் விஞ்ஞானத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். எங்களுக்கும் அந்தச் சந்தேகம் வெகு நாள் இருந்தது. அதைத் தீர்த்து வைத்தது, நீங்கள் இறங்கி வந்த அதே பேருந்து நிலையம்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை மாலை. வார்டு ஜெபங்களை முடித்துவிட்டு ஸ்ரீரங்கம் போகிற டவுன் பஸ்ஸுக்காகச் சத்திரத்தில் நின்றுகொண்டிருந்தோம். லால்குடி பஸ் நிற்கும் இடத்துக்கு அருகே, காலில் கட்டுப் போட்ட ஒரு வயதான அம்மா உட்கார்ந்திருந்தார். நடவு வேலை செய்கிறவர். சர்க்கரை நோயால் வந்த கால் புண் ஆறாமல் நம் மருத்துவமனைக்கு வந்து போய்க்கொண்டிருந்தவர். எங்களைக் கண்டதும் எழுந்தார்.

"ஐயா, நீங்க ஆஸ்பத்திரி ஐயாதானே?"

"ஆமாம்மா. உட்காருங்க. புண் எப்படி இருக்கு?"

"அது அப்படியேதான்யா இருக்கு. இந்தக் காயிதத்துல என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்களேன். காலையில கைநாட்டு வாங்கினாங்க."

அது புதிய களிம்பு ஒன்றைப் பரிசோதிக்கும் ஆராய்ச்சிக்கான ஒப்புதல் படிவம். விளக்கு வெளிச்சத்தில் பிடித்து வாசித்தோம். 'சமவாய்ப்பு முறை' என்று இருந்தது. 'இரட்டை மறைப்பு' என்று இருந்தது. மூன்றாம் பக்கத்தில் 'போலி மருந்து' என்ற சொல் வந்ததுதான் தாமதம், அந்த அம்மா பதறிப்போனார்.

"போலி மருந்தா? கள்ள மருந்தையா என் கால்ல தடவுறாங்க? மிஷன் ஆஸ்பத்திரின்னு நம்பித்தானேய்யா வந்தேன்!"

அன்பானவர்களே, விஷயம் தெரிந்தவர்களுக்கு அந்தச் சொல்லின் பொருள் வேறு. பார்வைக்கு மருந்தைப் போலவே இருக்கும், ஆனால் அதில் மருந்து இராது. பாதிப் பேருக்கு உண்மைக் களிம்பு, பாதிப் பேருக்கு வெறும் களிம்பு. யாருக்கு எது என்று சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல் முடிவாகும். கொடுக்கிற டாக்டருக்கும் தெரியாது, வாங்குகிற நோயாளிக்கும் தெரியாது. இப்படிச் செய்தால்தான் புதிய மருந்தால் புண் ஆறியதா, தானாக ஆறியதா என்று அறிய முடியும். வழக்கமான வைத்தியம் இரு சாராருக்கும் உண்டு. இதில் வஞ்சகம் ஒன்றுமில்லை. ஆனால் போலி மருந்து என்றால் நம் ஊரில் என்ன அர்த்தம்? பத்திரிகையில் பிடிபட்டதாக வருகிறதே, அதுதான் அர்த்தம். அந்த அம்மா புரிந்துகொண்டதில் தவறேயில்லை. எழுதினவர்கள் பேரில்தான் தவறு.

எழுதினவர்கள் பேரில் மட்டுமா? இங்கேதான் நாங்கள் உங்கள் முன் ஒன்றை அறிக்கையிட வேண்டும். அந்தப் படிவத்தை அனுமதித்த குழுவில் நாங்களும் இருந்தோம். 'எத்திக்ஸ் கமிட்டி' என்று டாக்டர்கள் சொல்லுகிற நெறிமுறைக் குழு அது. ஆங்கிலப் படிவத்தைப் பார்த்துத் தலையாட்டினோம். தமிழ்ப் படிவத்தைப் புரட்டினோமே தவிர வாசிக்கவில்லை. எழுத்தறியாதவரிடம் ஒப்புதல் வாங்கும்போது, விளக்கம் தொடங்குவதிலிருந்து முடியும் வரை நடுநிலையான சாட்சி ஒருவர் கூட இருக்க வேண்டும் என்பது விதி. அன்று காலை கடைசி நிமிஷத்தில் ஓர் ஆயாவைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். இறையியல் கல்லூரியில் எங்களுக்கு எபிரெயமும் கிரேக்கமும் கற்றுத் தந்தார்கள். ஒரு நடவுக்காரப் பெண்ணின் காதால் ஒரு காகிதத்தைக் கேட்பது எப்படி என்று சத்திரத்தில்தான் கற்றுக்கொண்டோம்.

"திங்கட்கிழமை உங்க மகளையும் கூட்டிக்கிட்டு வாங்கம்மா. எல்லாத்தையும் திரும்பச் சொல்லச் சொல்றோம். பிடிச்சா சேருங்க, பிடிக்கலைன்னா வேண்டாம்னு சொல்லிடுங்க" என்றோம்.

அதற்கு அவர் கேட்டார்: "வேண்டாம்னா டாக்டர் கோவிச்சுக்க மாட்டாரா? அப்புறம் வைத்தியம் பார்ப்பாங்களா?"

லால்குடி பஸ் வந்துவிட்டது. அவர் ஏறிப் போய்விட்டார். அந்தக் கேள்வி மட்டும் எங்களோடு ஸ்ரீரங்கம் வரைக்கும் வந்தது.

திங்கட்கிழமை வந்தார். ஆராய்ச்சியை நடத்திய டாக்டருக்கு முதலில் வருத்தம்தான். ஆனாலும் நாற்காலியை இழுத்துப் போட்டு, தாயும் மகளும் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொன்னார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அந்த அம்மா, "நல்லதுதான் செய்யுறீங்க. ஆனா வாரா வாரம் வந்தா ஒரு நாள் கூலி போயிடும்யா, என்னால ஆகாது" என்று சொல்லிவிட்டார். சேரவில்லை. அவருடைய வைத்தியம் நிற்கவும் இல்லை. யாரும் கோபித்துக்கொள்ளவும் இல்லை. அன்றைக்குத்தான் அவருடைய கேள்விக்கு நாங்கள் பதில் சொன்னோம் என்று நினைக்கிறோம்.

அதன்பின் குழு கூடியது. முன்பே சேர்ந்திருந்த ஒவ்வொருவருக்கும் மறுபடி விளக்கம் சொல்ல வேண்டும் என்று முடிவாயிற்று. சிலர் விலகினார்கள், பெரும்பாலோர் தொடர்ந்தார்கள். ஆராய்ச்சி தாமதப்பட்டது. அது நஷ்டம்தான். ஆயினும் அது எங்களுக்குத் தேவையாயிருந்த நஷ்டம்.

குழுவில் யார் யார் இருக்க வேண்டும் என்பதை நீங்கள் அறிந்திருப்பது நல்லது. புதிய மருந்துகளைப் பரிசோதிப்பதற்கு மத்திய அரசு 2019-ல் வெளியிட்ட விதிகளின்படி, இத்தகைய குழுவில் குறைந்தது 7 பேர் இருக்க வேண்டும். அவர்களில் பாதிப் பேர் அந்த மருத்துவமனையைச் சேராதவர்களாக இருக்க வேண்டும். சட்டம் அறிந்தவர் ஒருவர், பெண் ஒருவர், சமூகவியலாளரோ இறையியலாளரோ ஒருவர் வேண்டும். இவர்களோடு, சாமானியர் ஒருவரும் கட்டாயம் வேண்டும். அந்தச் சாமானியர் இல்லாமல் குழு கூடி முடிவெடுத்தால் அது செல்லாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2000-ஆம் ஆண்டிலேயே தன் நெறிமுறைகளில் சாமானியருக்கு இடம் ஒதுக்கியிருந்தது.

எங்கள் குழுவிலும் சாமானியர் ஒருவர் இருந்தார். ஆனால் அவர் ஓய்வுபெற்ற பேராசிரியர். ஆங்கிலம் தண்ணீர்பட்ட பாடு. நல்ல மனிதர். அவருக்கும் 'போலி மருந்து' உறுத்தவில்லை! பின்னர் இன்னொருவரையும் அழைத்தோம். முப்பது வருஷம் டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். முதல் கூட்டத்தில் அவர் ஒரு படிவத்தை உரக்க வாசித்தார். பாதியில் மூச்சு வாங்கி நிறுத்தி, "சார், இந்த வாக்கியம் மெயின்கார்டுகேட்டுல ஏறினது, ஸ்ரீரங்கம் வரைக்கும் எந்த ஸ்டாப்பிங்கிலும் நிக்கலையே" என்றார். எல்லாரும் சிரித்துவிட்டோம். அடுத்ததாக அவர் கேட்டபோது யாரும் சிரிக்கவில்லை. "காலை எட்டு மணிக்கு வெறும் வயித்துல ரத்தம் எடுக்கணும்னு போட்டிருக்கீங்க. சர்க்கரைக்காரங்க. கிராமத்துலேருந்து பட்டினியா எத்தனை மணிக்குக் கிளம்புவாங்க? வழியில மயக்கம் போட்டா யார் பார்க்கிறது?"

அந்த ஆராய்ச்சியில் ரத்தம் எடுக்க ஊருக்கே நர்ஸை அனுப்ப ஏற்பாடாயிற்று. பஸ் கட்டணத்தோடு அன்றைய கூலியும் கொடுக்க முடிவாயிற்று. இதனால் விஞ்ஞானத்துக்கும் லாபமே. பாதியில் நின்றுபோகிறவர்கள் குறைந்தால்தானே முடிவு நம்பத்தக்கதாக இருக்கும்? படிக்காதவர்களுக்கு ஆராய்ச்சியைப் பற்றி என்ன தெரியும் என்று சிலர் கேட்கிறார்கள். ரசாயனம் தெரியாதிருக்கலாம். பஸ் நேரம் தெரியும், கூலி தெரியும், பயம் தெரியும், எந்தச் சொல் எப்படிக் கேட்கும் என்று தெரியும். டாக்டருக்குத் தெரியாதவை இவைதான்.

பொதுமக்களின் ஒத்துழைப்பு விஞ்ஞானத்துக்கு எவ்வளவு பெரிய காரியம் என்பதை நம் தமிழ்நாடே உலகத்துக்குக் காட்டியிருக்கிறது. காசநோய்க்குச் சானடோரியம் ஒன்றே வழி என்றிருந்த காலம். மிஷனரிகள் மதனப்பள்ளிக்கு அருகே கட்டிய ஆரோக்கியவரம் உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். 1956-ல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆராய்ச்சி மையம் தொடங்கப்பட்டது. சென்னையின் ஏழைக் குடும்பத்தாரில் சிலரைச் சானடோரியத்திலும் சிலரை வீட்டிலுமே வைத்து வைத்தியம் பார்த்தார்கள். ஊழியர்கள் வீடு வீடாகப் போனார்கள். 1959-ல் முடிவு வெளியானது. வீட்டில் மருந்து சாப்பிட்டவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமடைந்தார்கள், கூட இருந்தவர்களுக்கு அதனால் அதிக ஆபத்து நேரவில்லை. உலகமெங்கும் காசநோய் வைத்தியம் வீட்டுக்கு வந்ததற்கு அந்தக் குடும்பங்களின் பங்கு பெரிது.

ஒத்துழைப்பைக் கேட்டுப் பெறாமல் எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கும் நம் தேசத்தில் சாட்சி உண்டு. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசியை, 2009-ல் அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் 10 முதல் 14 வயதுள்ள பெண்பிள்ளைகளுக்கு ஒரு செயல்விளக்கத் திட்டமாகப் போட்டார்கள். ஏழு பிள்ளைகள் இறந்தபோது பெரும் கூக்குரல் எழுந்தது. 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. அந்த மரணங்களுக்கு ஊசி காரணமாக இருக்க வாய்ப்பில்லை என்றே விசாரணையில் தெரிந்தது. ஆனால் படிவங்களை எடுத்துப் பார்த்தபோது தலைகுனிவு. ஆந்திராவில் பார்வையிட்ட 9,543 படிவங்களில் 2,763-ல் பெற்றோருக்குப் பதில் விடுதிக் காப்பாளர் கையெழுத்து, 1,948-ல் வெறும் கைரேகை. 2013-ல் பாராளுமன்ற நிலைக்குழு இதைக் கடுமையாகக் கண்டித்தது.

நன்றாகக் கவனியுங்கள். அந்த ஊசி நல்ல ஊசி. நம் பெண்களை வாட்டும் புற்றுநோய்களில் இரண்டாவது இடத்தில் இருக்கும் ஒன்றை அது தடுக்கக் கூடியது. 2022-ல் நம் நாட்டிலேயே தயாரான ஊசிக்கும் அனுமதி கிடைத்திருக்கிறது. ஆயினும் ஒரு நல்ல காரியத்தைத் தாய்தகப்பனிடம் கேட்காமல் செய்ததால் அதன்மேல் ஒரு நிழல் விழுந்தது. இன்றும் எங்கள் வார்டில் தாய்மார், "அந்த ஊசியா?" என்று இழுக்கிறார்கள்.

மருந்தில் மட்டுமல்ல, சாப்பாட்டிலும் இதே கதைதான். உங்களில் விவசாயிகள் இருக்கிறீர்கள். மரபணு மாற்றிய பி.டி. கத்தரிக்காய்க்கு 2009 அக்டோபரில் நிபுணர் குழு அனுமதி தந்தது. எதிர்ப்புக் கிளம்பிய பின், சுற்றுச்சூழல் அமைச்சராயிருந்த ஜெய்ராம் ரமேஷ் 2010 ஜனவரியிலும் பிப்ரவரியிலுமாக ஏழு நகரங்களில் மக்களைக் கூட்டிக் கருத்துக் கேட்டார். பிப்ரவரி 9-ஆம் தேதி அதை நிறுத்தி வைத்தார். முடிவு சரியா தவறா என்று இன்றும் வாதாடுகிறார்கள். நாங்கள் அதற்குள் போகவில்லை. எங்கள் மனதில் படுவது ஒன்றே. கேட்பது அனுமதிக்குப் பின்னால் வந்தது. கூட்டங்களில் கூச்சலும் இருந்தது. முதலிலேயே கேட்டிருந்தால் இவ்வளவு கூச்சல் எழுந்திராது. கதவைச் சாத்தி வைத்தால்தானே தட்டுகிற சத்தம் பெரிதாகிறது?

பர்திமேயு என்ற குருடனை நீங்கள் அறிவீர்கள். வழியோரத்தில் உட்கார்ந்து கூப்பிட்டவனை, பேசாதிரு என்று கூட்டத்தார் அதட்டினார்கள். ஆண்டவரோ நின்று, அவனை அழைத்து, அவனுக்கு என்ன செய்ய வேண்டும் என்று அவனிடமே கேட்டார். அவனுக்குக் கண் தெரியவில்லை என்பது யாவருக்கும் தெரியும். இருந்தும் கேட்டார். சுகம் கொடுக்க வல்லவரே கேட்டார் என்றால், சுகம் கிடைக்குமா என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிற நாம் கேட்காமல் இருக்கலாமா?

பிரியமானவர்களே, இப்போது உங்களிடம் சில வேண்டுகோள்கள். முதலாவது, உங்கள் சபைகளிலிருந்து பால் வியாபாரி, தையல்காரர், சத்துணவு அமைப்பாளர் போன்ற ஒருவரைச் சாமானிய உறுப்பினராக வர ஆயத்தப்படுத்துங்கள். ஆங்கிலம் வேண்டாம். புரியவில்லை என்று சொல்லக் கூச்சப்படாதவராயிருந்தால் போதும். இரண்டாவது, எந்த மருத்துவமனையிலும் கையெழுத்துக் கேட்டால், நம் மருத்துவமனையானாலும் சரி, நான்கு கேள்வி கேளுங்கள்: இது வைத்தியமா, ஆராய்ச்சியா? எனக்கு என்ன தீங்கு வரலாம்? தீங்கு வந்தால் யார் பொறுப்பு? வேண்டாம் என்றால் என் வைத்தியம் தொடருமா? மூன்றாவது, படிவங்களை நோயாளிகளுக்கு அவர்கள் பேச்சிலேயே வாசித்து விளக்க ஒரு ஊழியரை அமர்த்த விரும்புகிறோம். கருவிகளுக்கு மனமுவந்து கொடுத்த நீங்கள் இந்தச் சிறிய தேவையையும் நினைத்துக்கொள்ளுங்கள். கடைசியாக, உங்கள் காணிக்கையால் நடக்கும் இந்த இடத்தில் என்னென்ன ஆராய்ச்சி நடக்கிறது என்று எங்களைக் கேளுங்கள். அது உங்கள் உரிமை. பதில் சொல்வது எங்கள் கடமை.

அந்த அம்மாவின் புண் ஆறிவிட்டது. வழக்கமான கட்டில்தான் ஆறியது, நாளானது. போன அறுவடைக்குப் பின் ஒரு பை பச்சரிசியோடு வார்டுக்கு வந்தார். கூடவே பக்கத்து வீட்டுக்காரரை அழைத்து வந்திருந்தார், அவருக்கும் காலில் புண். எங்களைச் சுட்டிக்காட்டி அவரிடம் சொன்னார்: "இங்க எதுலயாவது சேரச் சொன்னா பயப்படாதீங்க. கேட்டா சொல்லுவாங்க."

அந்த நற்சாட்சியைக் காத்துக்கொள்ள எங்களுக்காக ஜெபியுங்கள். ஆண்டவர் உங்களையும் உங்கள் குடும்பங்களையும் ஆசீர்வதிப்பாராக.