சேர்த்து வைத்த சில்லுகள்



மாண்டலின் என்றதும் நம்மில் பலருக்கு யு. ஸ்ரீனிவாஸ்தான் நினைவுக்கு வருவார். சிறுவனாக மேடையேறி, அந்தச் சின்னக் கருவியில் அவர் ராகங்களை வாசித்ததை நாம் கேட்டிருக்கிறோம். இன்று நாம் சிந்திக்க எடுத்துக்கொள்வது அமெரிக்காவில் உள்ள வேறொரு மாண்டலின். நூறு வயதைக் கடந்தது. இரண்டு முறை காயப்பட்டது.

மிச்சிகன் மாநிலத்தில் கலமசூ என்ற ஊரில் கிப்சன் நிறுவனத்தின் இசைக்கருவித் தொழிற்சாலை இருந்தது. 1919 முதல் 1924 வரை லாயிட் லோர் என்பவர் அங்கே பணியாற்றினார். மாண்டலினின் நடுவிலிருந்த ஒற்றைத் துளையை நீக்கிவிட்டு, வயலினுக்கு இருப்பதுபோல் இரு பக்கமும் நெளிந்த துளைகளை வைத்து, எஃப்-5 என்ற புது வகை அவர் காலத்தில் உருவானது. மேலே ஸ்புரூஸ், பின்னால் மேப்பிள். கருவியைச் சோதித்துப் பார்த்து, உள்ளே ஒட்டிய சீட்டில் தேதியிட்டுக் கையொப்பமிடுவார். நாம் சொல்லும் மாண்டலினில் இருப்பது 1923 ஜூலை 9. அன்று அவை அவ்வளவாக விற்கவில்லை. 1943-இல் லோர் இறந்தபோதும் அவற்றுக்குப் பெரிய மவுசு கிடையாது.

அந்த மாண்டலின் 1940களில் மயாமி நகரத்து முடிதிருத்தும் கடை ஒன்றில் விற்பனைக்கு இருந்தது. 150 டாலர் கொடுத்து அதை வாங்கினவர் பில் மன்றோ.

கென்டக்கி மாநிலத்து ரோசீன் என்ற சிற்றூர்க்காரர். எட்டுப் பிள்ளைகளில் கடைக்குட்டி. பத்து வயதில் தாயை இழந்தவர். பதினாறில் தகப்பனும் போய்விட்டார். அண்ணன்மார் வயலினையும் கிதாரையும் எடுத்துக்கொண்டதால் தம்பிக்கு மிஞ்சினது மாண்டலின். அதிலும் எட்டுத் தந்திகளில் நாலைக் கழற்றிவிடு, இல்லாவிட்டால் சத்தம் அதிகமாக இருக்கும் என்றார்களாம். கடைக்குட்டிகளாய்ப் பிறந்த நேயர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்த மீதிக் கருவியை வைத்துக்கொண்டுதான் அவர் 'புளூகிராஸ்' என்ற ஓர் இசை வகையையே உண்டாக்கினார்.

முதல் காயம் அவர் கையாலேயே நேர்ந்தது. 1950களின் தொடக்கத்தில் பழுது பார்க்கச் சொல்லி மாண்டலினைத் தொழிற்சாலைக்கு அனுப்பினார். மாதக்கணக்கில் காத்திருந்தார். திரும்பி வந்தபோது, சொன்ன வேலைகளைச் சரியாகச் செய்யவில்லை என்று அவருக்குக் கடுங்கோபம். கத்தியை எடுத்து, மாண்டலினின் தலையில் பதித்திருந்த 'தி கிப்சன்' என்ற எழுத்துகளில் 'கிப்சன்' என்பதைச் சுரண்டி எடுத்துவிட்டார். 'தி' மட்டும் மிஞ்சியது. அப்படியே ஏறக்குறைய முப்பது வருடம் மேடை மேடையாக வாசித்தார்.

நேயர்களே, நம் வீட்டுக் கல்யாணப் பத்திரிகைகளை எடுத்துப் பாருங்கள். தாய்மாமன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இருக்காது. எப்போதோ ஒரு சீர்வரிசையில் வந்த மனத்தாங்கல். பெயரைச் சுரண்டி எடுத்துவிட்டோம். ஆனால் இடம் காலியாக இருப்பது ஊருக்கே தெரிகிறது.

1980-இல் மன்றோவும் கிப்சன் நிறுவனமும் சமாதானமானார்கள். சுரண்டிய தலைப்பகுதியை அவர்களே செப்பனிட்டுக் கொடுத்தார்கள். யார் முதலில் இறங்கி வந்தது என்பதை விட்டுவிடுவோம். அந்தக் கணக்குப் பார்த்தே பல சமாதானங்கள் நின்றுபோகின்றன.

ஐந்து வருடம் கழித்து, 1985 நவம்பர் 13-ஆம் நாள், அவர் வீட்டில் யாரோ புகுந்து, கணப்பில் நெருப்புக் கிளறும் இரும்புக் கம்பியால் அந்த மாண்டலினை அடித்து நொறுக்கினார்கள். கூடவே இருந்த இன்னொரு மாண்டலினுக்கும் அதே கதி. மன்றோவுக்கு அப்போது எழுபத்து நாலு வயது.

அப்பம் பலுகிய அற்புதத்தைப் பற்றி நாம் அடிக்கடி பேசுகிறோம். எல்லாரும் உண்ட பிறகு, கிடந்த துண்டுகளையும் பொறுக்கச் சொன்னாரே ஆண்டவர், அதை அவ்வளவாகப் பேசுவதில்லை. நொறுங்கிய மாண்டலினைப் பெருக்கித் தள்ளுவது எளிது. ஆனால் சில்லுகளைப் பொறுக்கினார்கள். அவற்றைக் கொண்டுபோய்க் கொடுத்த இடம் கிப்சன் நிறுவனம்தான். 1980-இல் அந்தக் கைகுலுக்கல் நடந்திராவிட்டால் அவற்றை எங்கே கொண்டுபோயிருப்பார் என்று நாம் யோசித்துப் பார்க்கிறோம்.

அங்கே சார்லி டெரிங்டன் என்ற கைவினைஞர் அந்த வேலையை ஏற்றார். நூற்றுக்கும் மேற்பட்ட சில்லுகள். சில குண்டூசி அளவுதான். எது எதோடு சேரும் என்று மரத்தின் ரேகையைப் பார்த்துப் பொருத்தி ஒட்ட வேண்டும். மூன்று மாதத்துக்கு மேல் ஆயிற்று. 1986 பிப்ரவரியில் மாண்டலினை மன்றோவின் கையில் கொடுத்தார்கள்.

1996-இல் இறக்கும்வரை அது அவரிடமே இருந்தது. இப்போது நாஷ்வில் நகரத்தில் கன்ட்ரி இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தலைப்பகுதியில் 'தி'-க்குக் கீழே, சுரண்டி எடுத்த அந்தப் பெயரும் இருக்கிறது.