படியும் வடமும்



குன்றுதோறும் குடிகொண்ட குமரனை மலையேறி வணங்குவது தமிழர் வழிவழியாகப் போற்றிவரும் மரபாகும். தைப்பூசத்தன்று டெங்கிலிலிருந்து பத்துமலை செல்லும் அடியார்கள் 272 படிகளை ஏறியே குகைக்கோயிலை அடைகின்றனர். இளையோர்க்கு அஃது இன்பம். மூட்டுவலியால் வருந்தும் முதியோர்க்கோ எட்டாத உயரம். படியடியில் நின்று, மேல்நோக்கிக் கைகூப்பித் திரும்பும் தாய்மார் எத்தனை பேர்!

இக்குறையைப் போக்கப் பழனியில் வழி காணப்பட்டது. அங்கு ஏறத்தாழ 700 படிகள் உள்ளன. 1966-ஆம் ஆண்டில் தண்டவாளத்தின்மீது செல்லும் 'விஞ்ச்' வண்டியும், 2004-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் 'ரோப் கார்' எனும் கம்பிவட ஊர்தியும் இயங்கத் தொடங்கின. 1,305 படிகள் கொண்ட சோளிங்கர் நரசிம்மர் மலைக்கும் 2024-ஆம் ஆண்டில் இவ்வசதி கிட்டியது. நம் நாட்டிலோ, பினாங்குக் கொடிமலையில் 1923-ஆம் ஆண்டிலேயே மலை இரயில் ஓடியது. கெந்திங் மலையில் 2016 முதல் இயங்கும் கேபிள் கார், சின் சுவீ குகைக்கோயிலிலும் நின்று செல்கிறது.

வடத்தில் ஏறினால் புண்ணியம் குறையுமோ எனச் சிலர் ஐயுறுவர். கோயிலுக்கு வர இயலாதோரைக் காண இறைவனே தேரேறி வீதியுலா வருகின்றான் அன்றோ? அத்தேரை இழுப்பதும் வடமே. அங்கு இறைவனை அடியாரிடம் கொணரும் வடம், இங்கு அடியாரை இறைவனிடம் சேர்க்கின்றது.

ஆயினும் இரண்டை மறத்தலாகாது. முதலாவது, பாதுகாப்பு. 2007-ஆம் ஆண்டில் பழனி ரோப் கார் விபத்தில் உயிர்கள் பலியாயின. பராமரிப்புக்காக ஆண்டுதோறும் அதனை நிறுத்திவைப்பதையும், காற்று மிகும்போது இயக்காமலிருப்பதையும் இடையூறாகக் கருதாது பொறுத்தல் வேண்டும்.

இரண்டாவது, இடும்பன். இரு மலைகளைக் காவடியாகச் சுமந்த அவ்வடியவனின் சந்நிதி, பழனியில் படிவழியின் நடுவே உள்ளது. அவனை வணங்கிய பின்னரே முருகனை வணங்குதல் மரபு. வடத்தில் செல்வோர்க்கு அத்தரிசனம் வாய்ப்பதில்லை; அவர்கள் அடிவாரத்திலேயே அவனை நினைந்து தொழுதல் நன்று.

சுமத்தலே இடும்பன் காட்டிய தொண்டு. ஆகவே, கால்வலிமை உடையோர் படியேறி, ஊர்தியின் வரிசையை முதியோர்க்கும் நோயுற்றோர்க்கும் விட்டுக்கொடுப்பாராக. அவ்வாறு விட்டுக்கொடுத்த இடமும் முருகன் திருவடியில் செலுத்திய காவடியே ஆகும்.

வேலும் மயிலும் துணை!